கப்பலூர்ப் பட்டறைக்கு செமிகண்டக்டர் சங்கத்தின் சந்தா தேவையா?

கப்பலூர்_சிஎன்சி:
வணக்கம். கப்பலூர் சிட்கோவில் சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். என்னோடு சேர்த்து 11 பேர். நீண்ட காலமாக மில் மிஷின் பாகங்கள்தான். இரண்டு வருடமாக பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு எஸ்எஸ் 316எல் (ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் ரகம்) வாக்குவம் ஃபிளாஞ்ச், அதாவது காற்றில்லாக் குழாய்களை இணைக்கும் வளையம், செய்து தருகிறோம். சிப் தயாரிக்கும் மிஷின்களுக்குள் போகிற சாமான். தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் சூலூரிலும் பல்லடத்திலும் இந்த மிஷின்களுக்கென்றே தலா 100 ஏக்கரில் பூங்கா அறிவித்த பிறகு, இதிலேயே முழுதாக இறங்கலாமா என்று யோசனை. அதற்கு முதல் படியாக, சிப் தயாரிப்புக்கு மிஷினும் மூலப்பொருளும் தருகிற கம்பெனிகளின் உலகச் சங்கமான செமியில் (SEMI) சேர நினைக்கிறேன். சந்தா கம்பெனியின் விற்பனையைப் பொறுத்தது. எங்களுக்கு அது யோசித்துக் கட்ட வேண்டிய தொகை. தம்பி வேண்டாம் என்கிறான், அந்தப் பணத்தில் நல்ல அளவுக்கருவி வாங்கலாம் என்கிறான்.

புதூர்_டர்னர்:
தம்பி சொல்வதுதான் சரி அண்ணே. செமியின் தரவிதிகள் வேண்டுமென்றால் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கலாம். 316எல் ஸ்டீலுக்கு எஃப்20 என்ற விதி இருக்கிறது, உங்களுக்கு அதுதான் முதலில் வேண்டும். விதிகளை எழுதும் குழுவில் உட்காரவும் கம்பெனி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, தனியாகப் பதிவு செய்தால் போதும், அதற்குக் கட்டணமும் கிடையாது. பலருக்கு இது தெரியாது. பிறகு எதற்குச் சந்தா? வாங்குகிறவர் உங்கள் லீக் டெஸ்ட் (கசிவுச் சோதனை) ரிப்போர்ட்டைத்தான் கேட்பார். நான் வேறு ஒரு தொழில் சங்கத்துக்கு மூன்று வருடம் கட்டினேன். அதன் மூலம் ஒரு என்கொயரிகூட வரவில்லை.

திருமங்கலம்_க்யூசி:
அண்ணே, விதிப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், ஒத்துக்கொள்கிறேன். அதில் இல்லாததை எங்கே வாங்குவது?

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரி ஃபிளாஞ்ச் 40 பீஸ் அனுப்பினோம். அளவெல்லாம் கச்சிதம். ஹீலியம் வாயுவை வைத்துக் கசிவு பார்க்கும் லீக் டெஸ்டில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. காரணம் எங்களுக்குப் புரியவே இல்லை. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் முகத்தில் பையன்கள் எமரித் தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். லேத்தில் டூல் விடும் கோடு வட்டமாக ஓ-ரிங்கோடு கூடவே சுற்றி வரும், அதில் காற்று ஏறாது. எமரிக் கோடு உள்ளேயிருந்து வெளியே குறுக்காக ஓடும். ஓ-ரிங்குக்கு அடியில் வாய்க்கால் வெட்டின மாதிரி. பீஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும், நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். டிராயிங்கில் இருந்தது ஃபினிஷ் எண் மட்டும்தான். விஷயத்தைச் சொன்னது, சங்கக் கூட்டத்தில் டீ குடிக்கும்போது பக்கத்தில் நின்ற பம்ப் சர்வீஸ் இன்ஜினியர்.

செமி உருவானதற்கும் இந்த மாதிரித் தேவைதான் காரணம். 1970-ல் அமெரிக்காவில் மிஷின் செய்கிறவர்களும் மூலப்பொருள் தருகிறவர்களும் சேர்ந்து தொடங்கியது. அப்போது ஒவ்வொரு சிப் கம்பெனியும் ஒவ்வொரு அளவில் சிலிக்கான் வேஃபர் (சிப் செய்யும் மெல்லிய வட்டத் தகடு) கேட்டுக்கொண்டிருந்தது. 1973-ல் உட்கார்ந்து பேசி விதி எழுத ஆரம்பித்தார்கள். தனி ஆளாக எந்தச் சப்ளையரும் அதைச் சாதித்திருக்க முடியாது.

புதூர்_டர்னர்:
உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை அம்மா. ஆனால் அதைச் சொல்லித் தர வாக்குவம் வேலை பார்த்த ஒரு பழைய டர்னர் போதும். அப்படி ஒருவரை மாதம் நான்கு நாள் சம்பளம் கொடுத்து வரச் சொல்லலாம், அந்தப் பணம் பட்டறைக்குள்ளேயே வேலை செய்யும். ஆட்களைப் பார்க்க வேண்டுமா, செமிகான் இந்தியா கண்காட்சிக்குப் போகலாம். 2025-ல் டெல்லியில் நடந்தது. பார்வையாளராகப் போக உறுப்பினர் அட்டை வேண்டாம்.

திருமங்கலம்_க்யூசி:
போகலாம், விசிட்டிங் கார்டு கை நிறைய வரும். அப்புறம்? ஒரே ஆட்களை வருடத்தில் நாலைந்து தடவை பார்த்தால்தான் வாயைத் திறப்பார்கள்.

இன்னொன்று. ஹீலியம் லீக் டிடெக்டர் விலை பல லட்சம். 11 பேர் உள்ள பட்டறை அதை வாங்கி வைக்க முடியாது. மத்திய அரசின் எம்எஸ்இ-சிடிபி என்ற சிறுதொழில் குழுமத் திட்டத்தில், பல பட்டறைகள் சேர்ந்து மிஷின் வைத்துக்கொள்ளும் பொது வசதி மையத்துக்கு மானியம் உண்டு. ஆனால் தனி ஆளாகப் போய்க் கேட்க முடியாது, பல பட்டறைகள் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விஷயத்தில் செமியைவிட நம் மதுரைச் சிறுதொழில் சங்கமான மடீட்சியாதான் முதலில் உதவும். ஆகவே என் யோசனை கொஞ்சம் மாறுகிறது. இங்கே முதலில் சேருங்கள், வாக்குவம் வேலை செய்கிற பட்டறைகளைத் தேடுங்கள். செமி அடுத்த வருடம்.

புதூர்_டர்னர்:
இதற்கு நானும் சரி என்கிறேன். கூட்டு லீக் டெஸ்ட் மிஷின் வந்தால் புதூரிலிருந்து நானே பீஸ் கொண்டு வருவேன். செமி சந்தா விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

கப்பலூர்_சிஎன்சி:
இருவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி க்யூசி அக்கா எழுதியதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அடுத்த லாட்டுக்கு எடுத்து வைத்திருந்த 30 பீஸையும் டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பார்த்தேன். நாலில் குறுக்குக் கோடு. நகம் தட்டுகிறது. தம்பியை எழுப்பிக் காட்டினேன், அவனும் தடவிப் பார்த்துவிட்டு எமரி டப்பாவை அந்த ஸ்டேஷனிலிருந்து எடுத்துவிட்டான். எஃப்20 வாங்க இன்றைக்குப் பணம் கட்டுகிறேன். புதூர் அண்ணே, அந்த மாதிரி டர்னர் யாராவது தெரிந்தால் நம்பர் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் கப்பலூர் வர முடியுமா? அந்த நாலு பீஸையும் அப்படியே வைத்திருக்கிறேன்.