மறு: வரம்பருகே கூடுவதற்கு ஒரு சொல்

> வரி, சம்பள வரம்புகளை ஒட்டி ஆட்கள் வந்து கூடுவதைப் பொருளியலில் ‘பன்ச்சிங்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் அட்டவணையில் அதற்குக் ‘கொத்தாதல்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

அக்கா, கொத்து வேண்டாம். புள்ளியியலில் ‘கிளஸ்டர்’ அதைப் பிடித்துக்கொண்டது. ஒரே கட்டுரையில் இரண்டும் வரும்.

பொருளை முதலில் பார்ப்போம். சிங்கப்பூரில் பொருள், சேவை வரிக்குப் பதியவேண்டிய வரம்பு, ஆண்டுக்கு 1 மில்லியன் வெள்ளி விற்பனை. பதிந்துவிட்டால் மிஞ்சிய தொகைக்கு மட்டுமல்ல, அதன்பின் விற்கும் எல்லாவற்றுக்கும் 9% வரி. விலையை ஏற்ற முடியாத கடைக்காரருக்கு 1 மில்லியனில் 9/109 பங்கு, ஏறத்தாழ 82,500 வெள்ளி போகும். கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனாலும் 990,000இலேயே நின்றுவிடத் தோன்றும். வரப்புக்குள் தண்ணீர் நிற்பதுபோல் என்பதால் ‘வரம்படித் தேக்கம்’ என்கிறேன்.

---

> வரம்படித் தேக்கம்

படிமம் அழகு அண்ணே. ஆனால் தேக்கம் என்றதும் பொருளியல் படித்தவர் மந்தநிலைக்குப் போய்விடுவார். ‘தேக்கவீக்கம்’ ஏற்கெனவே உண்டு.

‘அடி’ அதைவிடச் சிக்கல், வரம்புக்குக் கீழே மட்டும் என்றாகிவிடும். உள்ளூர்த் தகுதிச் சம்பளத்தைப் பாருங்கள். 2024 ஜூலையில் 1,400இலிருந்து 1,600 வெள்ளியானது. எத்தனை உள்ளூர்க்காரர் இருந்தால் எத்தனை வெளிநாட்டவரை எடுக்கலாம் என்ற ஒதுக்கீட்டுக் கணக்கில், அப்போது பகுதிநேரமாக 1,590 வெள்ளி வாங்கும் உள்ளூர்க்காரர் அரை ஆள். 1,600ஐத் தொட்டால் முழு ஆள். பத்து வெள்ளியில் அரை ஆள்! இங்கே முதலாளியை இழுப்பது வரம்பின் மேல்பக்கம். ‘வரம்போரக் குவிதல்’ என்றால் இரு பக்கமும் அடங்கும்.

தனிமடலில் வந்த ‘ஒதுங்கல்’ வேண்டாம். ஒதுக்கீடு பக்கத்திலேயே நிற்கிறது. தவிர, பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

---

குவிதலுக்கு என் வாக்கும். ‘குவிவு’ என்று சுருக்கிவிடாதீர்கள், வில்லைப் பாடத்துக்குப் போய்விடும்.

இச்சொல் யார்மீதும் குற்றம் சாட்டாதது எனக்குப் பிடித்திருக்கிறது. 2010இல் பொருளியலாளர் எம்மானுவேல் சயெஸ் அமெரிக்க வரிக் கணக்குகளில் கண்ட குவிதல் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர்களிடம்தான், சம்பளக்காரரிடம் அல்ல. அப்படியானால் மாறியது உழைப்பா, கணக்கில் காட்டிய தொகையா? முதலாவதானால் வரம்பைப் படிப்படியான சரிவாக்க வேண்டும், இரண்டாவதானால் தணிக்கை வேண்டும். ‘ஏய்ப்பு’ கலந்த எந்தச் சொல்லும் விடையை முன்கூட்டியே சொல்லிவிடும்.

துணைச்சொற்களும் தேவை. வருமான வரியில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை, அடுத்த 10,000க்கு 2%. வருமானம் ஏற ஏறக் கையில் மிஞ்சும் தொகையின் கோடு வளைகிறது, அறுபடவில்லை: ‘மடக்கு’. பொருள், சேவை வரியில் அறுபடுகிறது: ‘வெட்டு’. வெட்டைத் தாண்டியதும் ஒரு பள்ளம்: அங்கே நிற்பவர் கூடுதலாகச் சம்பாதித்தும் கையில் மிஞ்சுவது குறைவு. பொருளியலாளர்கள் கிளெவன், வாசீம் இருவரும் 2013இல் பாகிஸ்தான் வருமான வரியை ஆராய்ந்தபோது அந்தப் பள்ளத்திலும் ஆட்கள் இருந்தார்கள். நினைத்தவுடன் வருமானத்தை மாற்ற முடியாத அந்தத் தடைக்கு ‘உராய்வு’ போதும்.

அளக்கும் முறைக்கு: விற்பனைத் தொகையைச் சம அகலக் கட்டங்களாக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை கடைகள் என்று எண்ணி, வரம்பை ஒட்டிய கட்டங்களை விலக்கி, மீதிக்குப் பல்லுறுப்புக்கோவையால் ஒரு சீரான வளைகோடு பொருத்தினால் வரம்பு இல்லாதபோது இருந்திருக்கும் கோடு கிடைக்கும். அதற்கு மேல் நிற்பது ‘மிகைக்குவியல்’. பலர் சறுக்குவது சுழிகளில் முடியும் முழுத்தொகையில். 1 மில்லியன் தானே ஒரு முழுத்தொகை. வரி இல்லாவிட்டாலும் சிலர் அதைத்தான் எழுதுவார்கள். 900,000, 1,100,000 ஆகியவற்றில் எழும் மேட்டையும் அளந்து கழிக்காவிட்டால் பழி வரிமேல் விழும்.

---

மற்றவை சரி. ‘மடக்கு’ மட்டும் அணியிலக்கணத்தில் இருக்கிறது, ஆசிரியர்கள் விடமாட்டார்கள். ‘மடிப்பு’ என்று மாற்றி அட்டவணையில் ஏற்றுகிறேன்.