13(2) நோட்டீஸ் வந்துவிட்டது, 60 நாளில் வீட்டைப் பூட்டிவிடுவார்களா?

நூல்காரன் (திருப்பூர்):
வணக்கம். அப்பா பெயரில் இருக்கும் வீட்டை ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் அடமானம் வைத்து 28 லட்சம் வாங்கி, ஓவர்லாக் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்துவந்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியதும் எங்களுக்குத் துணி அனுப்பிய கம்பெனிக்கு ஆர்டர் நின்றது, எங்களுக்கும் வேலை நின்றது. நாலைந்து தவணை விழுந்துவிட்டது. இப்போது மொத்தக் கடனையும் 60 நாளில் கட்டச் சொல்லி 13(2) நோட்டீஸ் தபாலில் வந்திருக்கிறது. அப்பா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வசூலுக்கு வரும் ஆள், அறுபதாம் நாள் பூட்டுப் போடுவோம் என்கிறார். கோர்ட், கேஸ் எதுவும் இல்லாமல் அப்படிச் செய்ய முடியுமா?

கொங்கு மணி:
பயப்படாதீங்க பாஸ். சிவில் கோர்ட்டில் ஒரு ஸ்டே வாங்கினால் வருஷக்கணக்கில் இழுக்கலாம்.

ஓய்வு வங்கியாளர் (ஈரோடு):
தம்பி, அந்த ஸ்டே யோசனையை நம்ப வேண்டாம். இந்த நோட்டீஸ் 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் வருவது. அதன்படி வங்கியோ வீட்டுக்கடன் நிறுவனமோ வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்கலாம், சிவில் கோர்ட் தலையிட 34ஆம் பிரிவு தடை. வசூல் பிரிவில் நெடுநாள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: ஏலம்வரை போன கோப்புகளைப் புரட்டினால், பெரும்பாலானவற்றில் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வரி பதில்கூட இருக்காது. அதனால் முதலில் அந்தத் தபாலுக்குப் பதில் எழுதுங்கள்.

தொகையில் தவறு இருந்தால், வட்டி அதிகம் போட்டிருந்தால், தொழில் நிலவரம் சொல்லி அவகாசம் வேண்டுமென்றால், எல்லாவற்றையும் எழுதி, சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அவர்கள் ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும், 13(3ஏ) பிரிவு. வாயால் பேசியது எதுவும் பின்னால் நிற்காது.

அறுபது நாள் கழிந்ததும் முதலில் பெரும்பாலும் காகிதச் சுவாதீனம்தான் எடுப்பார்கள், அதாவது வீடு தங்கள் வசம் வந்ததாகக் காகிதத்தில் மட்டும் அறிவிப்பார்கள். கதவில் நோட்டீஸ் ஒட்டி, இரண்டு பேப்பரில் விளம்பரம் கொடுப்பார்கள், அதில் ஒன்று தமிழ்ப் பேப்பர். நீங்கள் வீட்டுக்குள்தான் இருப்பீர்கள். நீங்களாகக் காலி செய்யாவிட்டால், கலெக்டரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ 14ஆம் பிரிவில் உத்தரவு வாங்கித்தான் ஆளை வெளியேற்ற முடியும். வசூல் ஆள் தன் இஷ்டத்துக்குப் பூட்டுப் போட முடியாது.

சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு (டிஆர்டி) போகலாம். உங்களுக்குக் கோவை டிஆர்டி. அங்கே பழகிய வக்கீலாகப் பாருங்கள்.

நூல்காரன்:
நன்றி ஐயா. 28 லட்சத்துக்கு எங்கே போவது? இந்த மாதம் ஒரு தவணை கட்டினால் நிறுத்துவார்களா?

ஓய்வு வங்கியாளர்:
ஒரு தவணையில் நிற்காது. 90 நாள் தாண்டிய கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். நிலுவை முழுவதும் கட்டினால்தான் அது மறுபடி நல்ல கணக்காகும் என்று 2021-ல் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் கவனியுங்கள், நிலுவை என்பது விழுந்த தவணைகள், அவற்றின் வட்டி, அபராதம். நோட்டீஸில் மொத்தமாகக் கேட்டிருந்தாலும், அந்த நிலுவையைத் தீர்த்தால் பெரும்பாலும் மேல்நடவடிக்கையை நிறுத்திவிடுவார்கள். அந்தத் தொகை எவ்வளவு, கட்டினால் நடவடிக்கை நிற்குமா, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். சும்மா நிற்கும் மெஷினில் ஒன்றிரண்டை விற்றாவது பாருங்கள். இதற்காகக் கந்துவட்டி மட்டும் வாங்காதீர்கள், அதில் வீடும் போகும், மானமும் போகும்.

கரூர் செல்வி:
எங்கள் மாமனார் வீடு போன விதம் சொல்கிறேன். ஏலத்தன்று காலையில் பணத்தோடு போனால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி, விவசாயக் காட்டை விற்றுப் பணத்தைக் கொண்டுபோனார். வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அவர் அந்த மண்ணையும் இழந்தார், வீட்டையும் இழந்தார்.

ஓய்வு வங்கியாளர்:
செல்வி அம்மா சொன்னதுதான் இதில் ரொம்பக் கொடுமையான இடம். முன்பெல்லாம் விற்பனை நாளுக்கு முன்புவரை முழுப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியானாலே அந்த உரிமை போய்விடுகிறது, உச்ச நீதிமன்றமும் 2023-ல் அதை உறுதி செய்தது. இந்தத் திருத்தம் குடியிருக்கும் வீட்டுக்காரர்களுக்குப் பெரிய அநியாயம் என்பது என் கருத்து. அம்மா, ஏலத்தில் கடனுக்கும் செலவுக்கும் மேல் பணம் வந்திருந்தால் மீதி உங்கள் மாமனாருக்குச் சேர வேண்டியது. ஏலக் கணக்கைக் கேட்டு எழுதினாரா?

கரூர் செல்வி:
இல்லை ஐயா. அப்படிக் கேட்கலாம் என்றே யாரும் சொல்லவில்லை.

ஓய்வு வங்கியாளர்:
எத்தனை லட்சத்துக்குப் போனது, கடனில் எவ்வளவு வரவு வைத்தார்கள், செலவு என்ன, இந்த மூன்றையும் கேட்டு மாமனார் கையெழுத்தோடு இன்றே ஒரு கடிதம் போடுங்கள். வரும் பதிலை இங்கே எழுதுங்கள், கணக்கை நான் பார்த்துச் சொல்கிறேன்.