மாம்பழ ஐஸ் டீ: புதுப்பிப்பு

முன்பு போட்ட மாம்பழ ஐஸ் டீ குறிப்புக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்: ஃபிரிட்ஜில் வைத்ததும் டீ ஏன் சேற்றுத் தண்ணீர் மாதிரி கலங்குகிறது?

கெட்டுப் போகவில்லை, தாராளமாகக் குடிக்கலாம். டீ குளிரும்போது அதிலுள்ள டானினும் கஃபீனும் ஒன்று சேர்ந்து திரிகின்றன. நம்ம பக்கத்து போர் தண்ணீரின் உப்பு அதை இன்னும் கூட்டும். மேலே படலம் கட்டுவதும் அதனால்தான். கேன் தண்ணீருக்கு மாறுங்கள். டஸ்ட் டீயைக் கொதிக்க வைத்தால் கலக்கம் போகாது, கசப்புதான் ஏறும். இலை டீ 10 கிராமை 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் 8 மணி நேரம் விட்டு வடிகட்டுங்கள். பிழியக் கூடாது.

பழம் பெங்களூராவே போதும். அல்போன்சாவை இதில் போடுவது வீண் செலவு. பெங்களூராவின் லேசான புளிப்புதான் டீக்குப் பொருந்துகிறது. கூழ் 150 கிராம், சல்லடையில் தேய்த்து நார் நீக்கியது. சர்க்கரை 60 கிராமை வெந்நீரில் கரைத்தே சேர்க்க வேண்டும், குளிர்ந்த டீயில் அடியில் தங்கிவிடும். அரை எலுமிச்சை விட்டதும் நிறம் வெளுக்கும்; அது புளிப்பின் வேலை, பயப்பட வேண்டாம். கூழ் எப்படியும் அடியில் இறங்கும், கலக்கிக் குடியுங்கள். கூழ் சேர்த்ததை மறுநாளுக்கு மேல் வைக்காதீர்கள்.