பின்பக்கப் படிக்கட்டின் பூட்டு: கல்லூரிக் கட்டடங்களில் தீ, நம் அனுபவங்கள்

உதவிப் பேராசிரியர், கோவை

எங்கள் துறை நான்கு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. போன கோடையில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, தரைத்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ் அறையிலிருந்து புகை கிளம்பியது. தீ பெரிதாக ஒன்றுமில்லை. சில பேட்டரிகளும் கொஞ்சம் வயரும் கருகின, அவ்வளவுதான். ஆனால் அந்தப் புகைக்கு மேலே ஏற இருந்த ஒரே வழி படிக்கட்டு. சில நிமிடங்களில் மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் கைப்பிடிக் கம்பிகூடத் தெரியவில்லை. ரப்பர் எரிகிற நெடி. கண்ணைத் திறக்க முடியவில்லை.

கட்டடத்தின் மறுகோடியில் இன்னொரு படிக்கட்டு உண்டு. பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். முதல் மாடிக்கு இறங்கினால் கிரில் கேட், சங்கிலி, பூட்டு. சாவி அலுவலக உதவியாளரிடம். அவர் இருந்ததோ புகைக்கு அந்தப் பக்கம். முன்னால் நின்றவர்கள் கேட்டைப் பிடித்து உலுக்குகிறார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது, இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நெருக்கத்தில் ஒரு மாணவியின் கை கம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தோட்ட வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் ஒருவர் கடப்பாரையோடு ஓடிவந்து பூட்டை உடைத்தார். எல்லோரும் பத்திரமாக வெளியே வந்தோம்.

ஏன் பூட்டினார்கள் என்று அப்புறம் கேட்டேன். வகுப்பைக் கட் அடித்துவிட்டு அந்த வழியாகப் போகிறார்களாம், ஜோடியாக உட்கார்ந்திருக்கிறார்களாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. 2019 மே மாதம் சூரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் தீப்பிடித்து 22 மாணவர்கள் இறந்தார்கள். இறங்க வழியில்லாமல் மாடியிலிருந்து குதித்த பிள்ளைகளை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். கீற்றுக் கொட்டகை போய் கான்கிரீட் வந்துவிட்டது, வழியை அடைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. உங்கள் கட்டடங்களில் நிலைமை எப்படி? நடந்ததை எழுதுங்கள்.

வேதியியல் ஆய்வக உதவியாளர், திருச்சி

சார், எங்கள் ஆய்வகத்தில் ஒரு பீக்கரில் இருந்த அசிட்டோன் பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற மாணவர் பதறிப்போய் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை எடுத்து நேராக அதற்குமேல் பிடிக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த வேகத்துக்குப் பீக்கர் கவிழ்ந்தால் மேசை முழுக்கத் தீ ஓடும். ஒரு பெரிய கண்ணாடித் தட்டை மெதுவாகப் பீக்கரின் மேல் நகர்த்தி மூடினேன். காற்று இல்லாமல் அணைந்துவிட்டது. சிலிண்டர் அடித்தே தீர வேண்டும் என்றால், தள்ளி நின்று, தீயின் அடிப்பாகத்தைப் பார்த்துப் பக்கவாட்டில் வீச வேண்டும். கொம்பு மாதிரி இருக்கும் அந்த வாய்ப்பகுதியை வெறும் கையால் பிடிக்கவே கூடாது. வாயு வெளியேறும்போது அது உறைபனி அளவுக்குக் குளிர்ந்து தோலைப் புண்ணாக்கிவிடும்.

சோடியம் தீக்குத் தண்ணீர் கூடாது, காய்ந்த மணல்தான். அதற்குத்தான் சிவப்பு வாளி வைத்திருக்கிறோம். ஆனால் பல இடங்களில் அந்த வாளியில் டீ கப்பும் வெற்றிலை எச்சிலும்தான் இருக்கின்றன. வாரம் ஒருமுறை நானே சலித்துக் காயவைக்கிறேன்.

துப்பட்டா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2008 டிசம்பரில் அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வகம் ஒன்றில், காற்றுப் பட்டாலே எரியும் ஒரு வேதிப்பொருளைக் கையாண்ட 23 வயதுப் பெண் தீக்காயத்தால் சில வாரங்களில் இறந்துபோனார். ஆய்வக மேலங்கி அணிந்திருக்கவில்லை, செயற்கை இழை ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. நைலான் துணி உருகித் தோலோடு ஒட்டும். எங்கள் ஆய்வகத்தில் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, பருத்தி மேலங்கி போட்ட பிறகுதான் உள்ளே விடுகிறேன். முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

மகளிர் விடுதிக் காப்பாளர், நெல்லை

கேட்டைப் பூட்டுவதைப் பற்றி நான் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்வது பகலில் இயங்கும் வகுப்புக் கட்டடம். என் பொறுப்பில் இருப்பது இரவில் தூங்கும் பெண் பிள்ளைகள். பின்பக்கப் படிக்கட்டைத் திறந்துவைத்தால் வெளியாள் உள்ளே வரமாட்டான் என்று யார் உறுதி தருவது? சுவர் ஏறிக் குதித்து வந்தவனை எங்கள் வாட்ச்மேன் பிடித்திருக்கிறார். பெற்றோர் முதலில் கேட்பதே பூட்டைப் பற்றித்தான்.

ஆனாலும் ராத்திரியில் தீ என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. அறையில் ஹீட்டர் காயிலைப் பக்கெட்டில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ், நாலு சார்ஜர். ஒரு அறையில் மெத்தை கருகி, பக்கத்து அறைப் பெண்கள் ஈரப் போர்வை போட்டு அணைத்தார்கள். பூட்டாமலும் இருக்க முடியாது, பூட்டவும் முடியாது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.

ஆராய்ச்சி மாணவர், லீட்ஸ், இங்கிலாந்து

இங்கே பல்கலைக்கழக விடுதியில் வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில் அலாரத்தைச் சோதிப்பார்கள். அது தவிர எப்போது அடித்தாலும் வெளியே போய்விட வேண்டும். முதல் வருடம் நான் கடுகு தாளித்த புகைக்கே மொத்தக் கட்டடமும் பனியில் போய் நின்றது. அதற்குப் பயந்து சில மாணவர்கள் புகை உணரியைப் பாலிதீன் பையால் மூடி வைக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

அடிக்கடி பொய் அலாரம் அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியே சாட்சி. 2000 ஜனவரி 19 அதிகாலையில் அங்கே தீப்பிடித்தது. அலாரம் அடித்தது. வழக்கமான பொய் அலாரம் என்று நினைத்துப் பலர் படுத்தே இருந்தார்கள். 3 மாணவர்கள் இறந்தார்கள், 50 பேருக்கு மேல் காயம். விடுதிகளில் தண்ணீர்த் தெளிப்பான் கட்டாயம் என்று நியூ ஜெர்சி மாநிலம் அதன் பிறகுதான் சட்டம் கொண்டுவந்தது.

என் அறைத்தோழர் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவருக்கென்றே தனியாக ஒரு வெளியேற்றத் திட்டம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எந்தப் படிக்கட்டு ஓரத்தில் காத்திருக்க வேண்டும், யார் வந்து எந்த நாற்காலியில் இறக்குவார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. ஊரில் நான் படித்த கல்லூரியிலும் அப்படி ஒரு நண்பன் இருந்தான், மூன்றாம் மாடி வகுப்புக்கு நாங்கள்தான் தூக்கிப் போவோம். தீப்பிடித்தால் அவனை யார் இறக்குவது என்று ஒருவரும் பேசியதே இல்லை. இப்போது நினைத்தால் கோபம் வருகிறது.

ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்

மேடம், உங்கள் கவலை நியாயமானது. வழியும் இருக்கிறது. கதவின் உட்பக்கம் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு தள்ளு கம்பி வைத்த கதவு கிடைக்கிறது. உள்ளேயிருந்து உடம்பால் மோதினாலே திறக்கும், வெளியிலிருந்து திறக்க முடியாது. அதோடு ஒரு மணியை இணைத்துவிட்டால், யார் திறந்தாலும் உங்கள் அறையில் சத்தம் கேட்கும். திரையரங்குகளிலும் மால்களிலும் பார்த்திருப்பீர்கள். வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பிலேயே இருக்கிறது. படிக்கட்டுப் பகுதியில் மின் பேனல் கூடாது என்பதும் அதில் உண்டு. முதலில் எழுதிய பேராசிரியர் அந்த யுபிஎஸ் அறையை இடம் மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுக்க வேண்டும்.

நாங்கள் போய் இறங்கும்போது பார்க்கிற காட்சியையும் சொல்கிறேன். அலங்கார வளைவு தாழ்வாக இருப்பதால் வண்டி உள்ளே நுழையாது. நுழைந்தால் கட்டடத்தைச் சுற்றிப் பைக் நிறுத்தம். குழாய்ப் பெட்டியைத் திறந்தால் ஹோஸ் இருக்கும், பித்தளை முனை திருடுபோயிருக்கும். 101 அல்லது 112-ஐ அழைப்பவர் கல்லூரிப் பெயரை மட்டும் சொல்லி வைத்துவிடுவார். இருநூறு ஏக்கர் வளாகத்தில் எந்தக் கட்டடம் என்று நாங்கள் தேட வேண்டும். கட்டடத்தின் பெயரையும் எந்த வாசல் என்பதையும் சொல்லுங்கள், ஒருவரை வாசலில் நிறுத்துங்கள்.

மாட்டிக்கொண்ட பிள்ளைகள் செய்ய வேண்டியது: கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் திறக்கக் கூடாது. கதவிடுக்கில் ஈரத்துணியை அடைத்து, ஜன்னல் பக்கம் போய்க் கையசைக்க வேண்டும். புகைக்குள் போயே ஆக வேண்டும் என்றால் தவழ்ந்து போக வேண்டும், தரையை ஒட்டித்தான் மூச்சுவிடக் காற்று இருக்கும். லிஃப்ட் வேண்டவே வேண்டாம்.

பம்பாய்த் துறைமுக வெடிப்பில் உயிர்விட்ட எங்கள் துறையினரை நினைத்து ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. அந்த வாரத்தில் எல்லாக் கல்லூரிகளும் ஒத்திகை கேட்பார்கள். நீங்கள் ஜூலையிலேயே, புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் கேளுங்கள்.

மகளிர் விடுதிக் காப்பாளர், நெல்லை

மிக்க நன்றி ஐயா. தள்ளு கம்பிக் கதவுக்கு விலை விசாரிக்கச் சொல்லிவிட்டேன், விடுதிக் குழுவில் வைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஒத்திகையை இரவு பதினொரு மணிக்கு மேல் நடத்தித் தருவார்களா? பகலில் நடத்தினால் பாதிப் பேர் வகுப்பில் இருப்பார்கள்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்

கேளுங்கள் மேடம். மாவட்ட அலுவலருக்கு எழுதும் கடிதத்திலேயே நேரத்தையும் காரணத்தையும் குறிப்பிட்டுவிடுங்கள். பெற்றோருக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரியில் உங்கள் போன் ஓயாது. பிள்ளைகளிடம் தேதியைச் சொல்ல வேண்டாம்.