புதுப்பிப்பு: பாட்டுக் கோப்பில் வைரஸ் வருமா?

நண்பர் தந்த பென் டிரைவில் ஒரு பாட்டைத் திறந்ததும் கணினி முடங்கியது, எம்பி3யில் வைரஸ் இருக்குமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். அது பாட்டே இல்லை. கோப்பின் வகையைச் சொல்லும் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் வழக்கமாக மறைக்கும், அதைக் காட்ட வைத்தேன். பெயரின் முடிவில் ‘.எம்பி3.இஎக்ஸ்இ’ என்றிருந்தது. இஎக்ஸ்இ என்றால் திறந்ததும் இயங்கும் நிரல். பாட்டு ஐகான் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் அசல் எம்பி3 என்றால் பயமே இல்லை என்று அன்று எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன். ஒலிக் கோப்பு தானாக இயங்காது, சரி. அதைப் படிக்கும் பிளேயரில் ஓட்டை இருந்தால்? 2015இல் ஆண்ட்ராய்டில் பாட்டு, வீடியோக்களைப் படிக்கும் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பகுதியில் அப்படி ஓட்டை இருப்பது தெரியவந்தது. எம்எம்எஸ்ஸில் வீடியோ வந்தாலே போதும், திறக்கக்கூட வேண்டாம். அதே ஆண்டு அக்டோபரில் எம்பி3 வழியாகவும் நுழையலாம் என்று தெரிந்தது.

பிளேயரை அப்டேட் செய்துவிட்டேன். நண்பரின் கணினியைத்தான் இன்னும் பார்க்கவேண்டும்.