புதுப்பிப்பு: கைக்கு ஃபிஷ், ஸ்கிரிப்டுக்கு எஸ்ஹெச்

உபுண்டு லினக்ஸில் ஷெல்லாக, அதாவது டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலாக, பாஷே (bash) போதுமா, இல்லை இசட் ஷெல் (zsh), ஃபிஷ் (fish) என்று போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, முடிவு தலைப்பிலேயே இருக்கிறது: கையால் தட்டுவதற்கு ஃபிஷ், கட்டளைகளைக் கோப்பில் எழுதி ஓட்டும் ஸ்கிரிப்டுக்கு எஸ்ஹெச் (sh).

ஃபிஷ் பிடித்துப்போனதற்குக் காரணம், நிறுவியதுமே எதையும் அமைக்காமல் பழைய கட்டளையை மங்கலாக முன்னால் காட்டுகிறது, வலது அம்புக்குறியைத் தட்டினால் முழுதும் வந்துவிடும், இல்லாத கட்டளையைத் தட்டச்சு செய்தால் என்டர் அடிப்பதற்கு முன்பே சிவப்பாகிவிடும். இசட் ஷெல்லிலும் இதெல்லாம் முடியும், ஆனால் தனித்தனியாகச் செருகுநிரல் சேர்க்க எனக்குப் பொறுமை இல்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கு 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்பிலிருந்து இயல்பாகவே இசட் ஷெல்தான், அதிலேயே இருங்கள்.

தொல்லை ஒன்று உண்டு. ஷெல்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் (POSIX) இலக்கணத்தை ஃபிஷ் பின்பற்றாது. எங்கிருந்தோ எடுத்த பாஷ் ஃபார் லூப்பை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வரிகள்) அப்படியே ஒட்டினால் பிழைதான் வரும். அப்போது பாஷ் என்று தட்டி உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

அப்புறம், எஸ்ஹெச்சும் பாஷும் ஒன்றுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். உபுண்டுவில் இல்லை. 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து அங்கே எஸ்ஹெச் என்றால் டாஷ் (dash) என்ற இன்னொரு ஷெல். சிறியது, சட்டென்று தொடங்கும், ஆனால் அர்ரே (பல மதிப்புகளை ஒரே பெயரில் வைக்கும் பட்டியல்), நிபந்தனையைச் சோதிக்கும் இரட்டைச் சதுர அடைப்பு [[ ]] எல்லாம் அதில் ஓடாது. அவை வேண்டுமென்றால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் #!/bin/bash என்றே போடுங்கள்.

லாகின் ஷெல்லை (கணினியில் நுழைந்ததும் இயல்பாக வரும் ஷெல்) மாற்றவில்லை, டெர்மினல் அமைப்பில் மட்டும் ஃபிஷ் திறக்கும்படி வைத்திருக்கிறேன். சர்வரில் பாஷ்தான், அங்கே கை வைப்பதாக இல்லை.