ஊராட்சிக் காசு கரண்ட் பில்லுக்கே போகிறது, குப்பை வண்டியைக் குறைக்கலாமா?

தேயிலைமேடு:
கோத்தகிரி பக்கம் எங்கள் ஊராட்சி. ஓடையோரக் கிணற்றிலிருந்து மேட்டு ஹட்டிகளுக்கு (படுகர் குடியிருப்புகளுக்கு) தண்ணீர் ஏற்ற மூன்று மோட்டார் ஓடுகிறது, வருகிற காசில் பெரும்பங்கு அந்தக் கரண்ட் பில்லுக்கே போய்விடுகிறது. லோ வோல்டேஜில் ஒரு மோட்டார் காயில் எரிந்தால் அந்த மாதம் தெருவிளக்கு மாற்றக்கூட வழியில்லை. 2025 ஜனவரி 5-ஓடு தலைவர், உறுப்பினர் பதவிக்காலமும் முடிந்துவிட்டது, எதுவானாலும் தனி அலுவலரிடம்தான் போக வேண்டும். இப்போது குப்பை வண்டியை வாரம் ஒருமுறை ஆக்கலாம் என்று பேச்சு. வேறு எங்கே குறைக்கலாம்?

பழைய வார்டு மெம்பர்:
குப்பையில் மட்டும் கை வைக்க விடாதீர்கள் தம்பி. நான்கு நாள் தேங்கினாலே கரடியும் காட்டுப்பன்றியும் வாசலுக்கு வந்துவிடும். மோட்டாரைப் பாருங்கள். உங்கள் ஹட்டிக்கு மேலே சோலை ஓரம் பழைய ஊற்று இருக்கிறதா? எங்கள் ஊரில் அதைத் தூர்வாரி, சின்னத் தொட்டி கட்டி, பைப் போட்டு இறக்கினோம், தண்ணீர் தானாகவே சரிவில் வந்தது, ஒரு மோட்டாரை மழைக்காலம் முழுக்க நிறுத்தியே வைத்தோம். காசுக்கும் வழி இருந்தது. மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு (2021-26) ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கியது, வேறு எதற்கும் எடுக்க முடியாது. பலர் அதைத் தொல்லையாக நினைத்தார்கள். ஆனால் அந்தக் காசில் ஊற்றைச் சரிசெய்தால் பொது நிதியில் கரண்ட் பில் குறைகிறதே!

குன்னூர்க்காரி:
அண்ணா சொன்னது சரி. ஆனால் மார்ச், ஏப்ரலில் ஊற்று சுருங்கும், மோட்டாரை விற்றுவிடாதீர்கள். அப்புறம் வரவையும் பாருங்கள். வீடு என்று வரி கட்டிக்கொண்டு ஆறு அறை வாடகைக்கு விடும் காட்டேஜ் உங்கள் ஊரில் எத்தனை? அவர்களுடைய குப்பையும் தண்ணீரும்தான் அதிகம். எங்கள் பக்கம் ஒரு ஊராட்சியில் வரிப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து பார்த்தோம், பதிவேட்டிலேயே ஏறாத கட்டடங்கள்கூட இருந்தன.

தேயிலைமேடு:
ஊற்று இருக்கிறது, சின்ன வயதில் அங்கேதான் குடம் வைத்துப் பிடிப்போம். காட்டேஜ் பதினொன்று எனக்கே தெரியும். அடுத்த கிராம சபைக்கு இரண்டையும் எழுதி எடுத்துப் போகிறேன். ஊற்று வனத்துறை எல்லைக்குள் வந்தால் யாரிடம் அனுமதி கேட்பது?

பழைய வார்டு மெம்பர்:
ரேஞ்சர் அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். கிராம சபைத் தீர்மான நகலோடு போங்கள், வெறுங்கையோடு போக வேண்டாம்.